அக்கா களிம்பை விளக்கிய நாள்

என் அக்காவிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும், முழுப் பதிலும் சொல்லாமல் விடமாட்டாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தால், இறங்குகிற இடம் தாண்டியும் கிருமிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்ணுக்கு அங்கே ஒரு களிம்பு உருவாக்கியிருந்தாள். எலிகளுக்கு ஆறியது. மனிதர்களுக்கு இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

மாமாவுக்கு, அதாவது அவள் வீட்டுக்காரருக்கு, அதே புண்தான். வலது காலில். ஒரு விரல் ஏற்கெனவே போயாயிற்று.

"எலிக்குப் போடுறத எனக்கும் கொஞ்சம் தடவேன்டி," என்பார் மாமா.

"சும்மா இருங்க. ஏதாவது ஆச்சுன்னா?"

மனிதர்களிடம் சோதிக்க ஒரு கம்பெனி முன்வர வேண்டும். கம்பெனி பிடித்துத் தருவதற்கென்றே பல்கலைக்கழகத்து மாடியில் ஒரு பிரிவு இருக்கிறது. அங்கிருந்த அதிகாரி நாயாய் அலைந்து ஒரு மருந்துக் கம்பெனியைச் சம்மதிக்க வைத்தார். சோதனை தொடங்கினால் மாமாவும் பெயர் கொடுக்கலாம். வேறு யாரும் அதைச் செய்து விற்க முடியாதபடி காப்புரிமைக்கு விண்ணப்பம் போடுவதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து, பொதுமக்கள் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வரும் நாள் வந்தது. காலில் கட்டுப்போட்ட ஒரு பெரியவர் அக்காவின் மேசை முன் நின்று, "இது எப்படிம்மா வேலை செய்யுது?" என்றார். போதாதா? எந்தக் கிருமியிலிருந்து எடுத்தது, எதோடு எவ்வளவு கலக்க வேண்டும், ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். கீழ்த்தளத்து விளம்பரப் பிரிவு அதைப் படம்பிடித்து அன்றைக்கே பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் போட்டது. மாடிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே கட்டிடம்தானே! ஏறிப்போய்ச் சொன்னால் குறைந்தா போவார்கள்?

அதிகாரி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"விண்ணப்பத்துக்கு முன்னாடி வெளிய சொல்லிட்டா காப்புரிமை கிடைக்காதும்மா. கம்பெனி விலகிட்டாங்க."

"வீடியோவ அழிச்சுட்டா?" என்றாள் அக்கா.

"சொன்னது சொன்னதுதான்."

"அப்போ இத யாரு வேணா செய்யலாமா?" என்றேன் நான்.

"தாராளமா. அதனாலயே யாரும் செய்யமாட்டாங்க. ஒருத்தர் பணத்தக் கொட்டிச் சோதிப்பாரு, இன்னொருத்தர் சும்மா காப்பியடிப்பாரு."

விளம்பரப் பிரிவுக்குச் சண்டைக்குப் போனேன். "நல்ல விஷயமாச்சேன்னுதானே போட்டோம்," என்று அங்கிருந்த பெண் அழுதேவிட்டாள். அப்புறம் யாரைத் திட்டுவது? அக்கா வேறு கம்பெனிகளுக்கு எழுதினாள். அருமை, அருமை என்று பதில் போட்டார்கள். அந்த அருமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

புண் யாருக்காகவும் நிற்கவில்லை. காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். ஸ்ட்ரெச்சரில் போகும்போது மாமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆபரேஷன் அறைக் கதவருகே நர்ஸ் எங்களை நிறுத்தினாள்.

"நேத்து அந்த வீடியோவப் பாத்தேன்," என்றார் மாமா. "எனக்கே புரிஞ்சுதுடி. எவ்வளவு அழகாச் சொல்லியிருக்கே!"

அக்கா கையை விடவே இல்லை. நர்ஸ்தான் பிரித்தெடுத்தாள்.