அவருக்குப் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்கள்

எனக்கு எழுபத்தேழு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் தங்கை விட்டுப் போனவை. ஏழில் ஒன்றும் சோற்றுக்கு அடுத்தவர் வாசலில் நின்றதில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதனால் எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு ஓர் அவசரமும் இல்லை.

இந்த 2009ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் காலமானார். லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் அங்கே இருமினால் எனக்கு இங்கே கேட்கும். நான் இங்கே மிளகாய் வறுத்தால் அவர் அங்கே இன்னும் கூடுதலாக இருமுவார். அவர்களுடைய பெரிய சண்டையில், இரண்டாம் உலக யுத்தத்தில், பட்டாளத்தில் இருந்தவர். மனைவி எப்போதோ போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. வேலிக்கு மேலால் அவர் தன் தோட்டத்துப் போஞ்சிக்காய் தருவார், நான் இடியப்பம் கொடுப்பேன். இடியப்பத்தைக் கத்தியால் வெட்டித் தின்ற மனிதர் அவர்.

போன வருஷம் எங்கள் தெருவில் தமிழர் ஒருவர் செத்தபோது தெரு முழுக்கக் காரும் சனமும். அதை அவர் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அடுத்த நாள் வேலியடியில் வந்து சொன்னார், எனக்கு விளங்குகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக. உங்கள் ஆட்கள் செத்தால் தெரு நிறைகிறது, நான் செத்தால் சவக் காரும் அதன் டிரைவரும் மட்டும்தான், பார்சல் போவது போல் போவேன் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

"நான் வருவன்," என்றேன் தமிழில். பிறகு "ஐ கம்" என்றேன். தலையை ஆட்டினார்.

அவர் செத்துப் போன பிறகுதான் அந்தச் சொல்லின் பாரம் எனக்குத் தெரிந்தது. முழங்கால் ஏலாத ஒரு கிழவி பின்னால் போவது ஊர்வலமா? ஆட்களைக் கேட்டுப் பார்த்தேன். இந்த வருஷம் ஊரில் சண்டை முடிந்தபோது எங்கள் சனத்துக்கு நடந்தது உலகத்துக்கே தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு படத்துக்கு மாலை தொங்குகிறது. அழுது அழுது யாருக்கும் அழ மிச்சமில்லை. மூத்த மகன் முகத்துக்கு நேரே கேட்டான்.

"அம்மா, இந்த வருசம் பாத்து ஒரு ஆமிக்காரன்ர பெட்டிக்குப் பின்னால போகப் போறியளோ?"

"அவர் எங்கட வீட்டுக் கதவை உடைச்ச ஆமி இல்லையடா. போஞ்சிக்காய் தந்த மனுசன்."

"பொம்பிளையள் சுடலைக்குப் போறதும் இல்லை."

"லண்டனுக்கு வந்த பிறகு நீ எதையெல்லாம் விட்டனி எண்டு சொல்லட்டோ?"

அவன் எழுந்து போய்விட்டான். அவன் மனத்தில் இருப்பது எனக்குத் தெரியும். அதனால் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

அவரைக் குளிப்பாட்ட வந்துபோன பராமரிப்புப் பெண்தான் அந்தச் சங்கதியைச் சொன்னாள். பழைய பட்டாளக்காரர் செத்தால் சவக் காருக்கு முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிளில் போகிற ஆட்கள் இருக்கிறார்களாம். சம்பளம் இல்லை, அவர்களாகவே வருவார்களாம். செத்தவரைத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லையாம். மருமகள் அவர்களுக்கு டெலிபோன் எடுத்தாள். வரப் பார்க்கிறோம் என்றார்களாம். 'பார்க்கிறோம்' என்ற சொல்லை நம்பி நான் ஒரு நாளும் உலை வைத்ததில்லை. அந்தக் கிழமை முழுக்க எனக்கு நித்திரை சரியில்லை.

அன்று காலையில் மழை தூறியது. செத்த வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீடுதான் தேத்தண்ணி கொடுக்க வேண்டும். அது எங்கள் முறை. அவருக்கு வேறு ஆளில்லாததால் செத்த வீடும் எங்கள் வீடுதான். வெள்ளைச் சேலை உடுத்தேன். பெரிய கேத்தலில் தேத்தண்ணி ஊற்றி, ஹோலில் கதிரைகளைச் சுவரோடு போட்டு, வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு இருந்தேன்.

முதலில் சத்தம்தான் வந்தது. கண்ணாடி அலுமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன. எட்டிப் பார்த்தால், தெரு வளைவிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாக மோட்டார் சைக்கிள்கள். எருமை மாதிரி பெரிசுகள். தோல் ஜாக்கெட் போட்ட ஆண்கள், நாலைந்து பெண்கள், நரைத்தவர்கள்தான் அதிகம். சிலருடைய நெஞ்சில் பதக்கம். எண்ண எண்ண முடியாமல் வந்துகொண்டே இருந்தார்கள்.

அவர்களில் தலைவர் மாதிரி ஒருவர், வயிறு வரைக்கும் வெள்ளைத் தாடி. அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு எங்கள் வாசலைப் பார்த்துத் தலை குனிந்தார். நானும் தலை குனிந்தேன். குனிந்துவிட்டு, செத்த வீட்டில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன்.

அவர் வரவில்லை. ஒருவரும் வரவில்லை. மழை வலுத்தது. எல்லோரும் மதிலோரம் நின்று நனைந்தார்கள். தேத்தண்ணி ஆறியது. எனக்குக் கோபம் வந்தது. கறுத்த ஆட்களின் வீட்டில் தேத்தண்ணி குடித்தால் குறைந்துபோவார்களோ என்று நினைத்தேன்.

அப்போதுதான் மருமகள் இரவு ஷிப்ட் முடித்து வந்தாள். மருமகள் வெளியே தாடிக்காரரோடு ஏதோ கதைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"மாமி! ஏன் அவையை மழைக்குள்ள விட்டிருக்கிறியள்?"

"கதவு திறந்துதானே கிடக்கு? வாறவை வரட்டும்."

"ஒருக்கா 'வாங்கோ' எண்டு சொன்னியளோ?"

"உனக்கென்ன விசரே? செத்த வீட்டில ஆரடி வாங்கோ எண்டு சொல்லுறது?"

அவள் தலையில் கையை வைத்தாள். "மாமி, அவைக்கு அது தெரியுமே? கூப்பிடாமல் அவையள் படி மிதிக்கமாட்டினம். நீங்கள் முகத்தைத் திருப்பிப் போட்டியளாம். வீட்டுக்காரருக்கு நாங்கள் வந்தது பிடிக்கேல்லைப் போல, தொந்தரவு குடுக்காமல் போவம் எண்டு சொல்லுறார்."

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு இயந்திரம் உறுமியது. பிறகு இன்னொன்று.

நான் எப்படி எழும்பினேன் என்று தெரியாது. முழங்காலைக் கேட்கவில்லை. வீட்டுச் செருப்போடு, முக்காடும் இல்லாமல் மழைக்குள் போனேன். என் வாழ்நாளில் எந்தச் செத்த வீட்டிலும் சொல்லாத சொல்லைத் தெரு முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

"வாங்கோ! எல்லாரும் வாங்கோ! கம், கம்! டீ!"

தாடிக்காரரின் கையைப் பிடித்துவிட்டேன். ஈரத் தோல் கையுறை. அவர் மருமகளைப் பார்த்தார். அவள் எங்கள் முறையை இங்கிலீசில் விளக்கினாள். அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். திரும்பி மற்றவர்களுக்குச் சொன்னார். ஒவ்வொரு இயந்திரமாக அணைந்தது. அந்த அமைதியைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

உள்ளே வந்தவர்கள் வாசலில் எங்கள் வீட்டுச் செருப்புக் குவியலைக் கண்டார்கள். வேண்டாம், வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல எல்லோரும் சப்பாத்துக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். முழங்கால் வரை வருகிற சப்பாத்துகள். ஒருவர் இழுக்க, இன்னொருவர் அவரைப் பிடிக்க, ஹோல் முழுக்க ஓட்டைக் காலுறையும் ஈரத்தோல் மணமும். திரும்பச் சுட வைத்த தேத்தண்ணியை அந்த ஆட்கள் இரண்டு தரம் வாங்கிக் குடித்தார்கள். சவக் கார் வந்து நின்றபோது பாதிப் பேர் வெறுங்காலோடு நின்றார்கள். அந்த அமளியில் ஒருவர் மற்றவரின் சப்பாத்துக்குள் காலை விட்டுவிட்டு நெளிந்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

பெட்டியின் மேல் அவர்களுடைய கொடி. அதன் மேல் அவருடைய பழைய தொப்பி. எனக்கென்று தனிக் கார் இல்லை. சவக் காரின் முன் ஆசனத்தில், டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்றினார்கள். எங்கள் பெண்களில் யார் அந்த இடத்தில் இருந்திருப்பார்கள்? நான் இருந்தேன். நிமிர்ந்துதான் இருந்தேன்.

மோட்டார் சைக்கிள்கள் சில முன்னால், மற்றவை பின்னால். சந்திகளில் இரண்டு பேர் முன்னே ஓடி வாகனங்களை மறித்து எங்களுக்கு வழி விட்டார்கள். டூட்டிங் பெரிய ரோட்டில் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். எங்கள் மரக்கறிக் கடைக்காரர் கையில் முருங்கைக்காயோடு ஓடி வந்து, முன் ஆசனத்தில் என்னைக் கண்டு வாயைப் பிளந்தார். கார் சந்தியில் நின்றபோது கண்ணாடியை இறக்கினேன்.

"என்னணை இது! ஆர் செத்தது? மந்திரியோ?"

"எங்கட பக்கத்து வீட்டுக்காரர்!"

அவர் முருங்கைக்காயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிட்டார்.

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். மழைக்குள் விளக்குகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, ரோடு வளைகிற இடம் வரைக்கும். அவருக்கு விளங்குமோ விளங்காதோ, நான் பெட்டியின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன். "ஐயா, தெரு நிறைஞ்சிட்டுது." டிரைவர் என்னைப் பார்த்தார். பார்க்கட்டும்.

சுடலையில் அவர்கள் இரண்டு வரிசையாக நின்று கை உயர்த்தி மரியாதை செய்ய, பெட்டி நடுவால் போனது. அதற்குப் பின்னால் நான் நடந்தேன். சொன்ன சொல்லுக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மூத்த மகன் பின் கதவடியில் நின்றான். அவன் வரவில்லை. ஆனால் நான் குளிக்க வெந்நீர் போட்டு, துவாயைக் கையில் வைத்திருந்தான். "முழுகிப் போட்டு வாங்கோ, சாப்பிடுவம்" என்றான். தலையில் வெந்நீர் ஓட ஓட ஒரு கிழமைப் பாரமும் இறங்கிப் போனது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகப் படுத்தேன்.

இவ்வளவுதான் எழுத இருந்தது. கை வலிக்கிறது. பேத்தி சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து வந்து நிற்கிறாள்.

"இஞ்ச வா பிள்ளை. இதை எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. பிழை கிடந்தால் கிடக்கட்டும், திருத்தாத. அந்த மனுசன் தனியப் போகேல்லை எண்டதை எனக்கு இன்னொருக்காக் கேக்க வேணும். ஓடாமல் வாசி."