வெற்றுக் குழாயின் எடை

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குத் தராசக்கா என்று பெயர். எதையும் மூன்று முறை எடை போடாமல் நம்பமாட்டார். டீக்கு வாங்கிய சர்க்கரைப் பொட்டலத்தையே ஒருநாள் தராசில் வைத்துப் பார்த்து, "பன்னெண்டு கிராம் கம்மி" என்று கடைக்குத் திருப்பி எடுத்துப்போனார்.

பதினோரு வருடமாக ஒப்பந்த ஆய்வாளர். வேலை, தூள் செய்வது. உலோக அணுக்களை முடிச்சாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்புகளாகவும் வைத்துக் கட்டிய சாரம் என்று அந்தத் தூளை நினைத்துக்கொள்ளலாம். சாரத்துக்கு உள்ளே கட்டடம் கிடையாது, வெறும் இடம்தான். அந்த இடத்தில் வாயுவை அடைத்துவைக்கலாம். அவர் செய்த தூளில் ஒரு கிராமுக்குள் நாலாயிரத்து நானூறு சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது என்று போன வருடம் கட்டுரை வெளிவந்தது. அரைக் கால்பந்து மைதானத்துக்கும் மேல்.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் கூட்டிப்போக வரும்போதெல்லாம் ஆய்வக வாசலில் நின்று எங்களிடம் சொல்வார்: "ஒரு சிட்டிகைல மைதானத்தையே மடிச்சு வச்சிருக்காளாம். வீட்ல ஒரு பீரோவுக்கு இடம் பண்ணிக் குடுன்னா மட்டும் முடியாதாம்."

அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் நிரந்தர வேலைக்கு நேர்காணல் வந்தது. வயது வரம்புப்படி அக்காவுக்கு அதுவே கடைசி வாய்ப்பு.

நேர்காணலுக்கு ஆறு நாள் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒரு பெண்ணிடமிருந்து மூன்றாவது மின்னஞ்சல் வந்தது. வேறு ஊரில் ஆராய்ச்சி மாணவி. அக்காவின் செய்முறைப்படியே தூள் செய்தும் அவளுக்கு மூவாயிரத்தைத் தாண்டவில்லை. முதல் இரண்டு முறையும் அக்கா ஒரே பதில்தான் எழுதியிருந்தார்: துளைகளில் கரைப்பான் மிச்சம் இருக்கும், இன்னும் காயவையுங்கள். அவள் நாலு மாதமாகக் காயவைத்துக்கொண்டிருந்தாள். இப்போது எழுதியிருந்தாள்: "எனக்குக் கை சரியில்லை என்று வழிகாட்டி மேடம் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மதிப்பீட்டுக் கூட்டம். இந்த எண்ணோடு போனால் நிறுத்திவிடுவார்கள். உங்கள் எடைத்தாளை மட்டும் அனுப்ப முடியுமா அக்கா?"

அக்கா எடைத்தாளைத் தேடி எடுத்து, வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

எங்கள் வழக்கம் இது. தூளைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, சூடாக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் உறிஞ்சி எடுத்த பிறகு, குழாயில் ஒரு வாயுவை நிரப்பி மூடி எடை போடுவோம். அதில் வெற்றுக் குழாயின் எடையைக் கழித்தால் காய்ந்த தூளின் எடை. பன்னிரண்டு குழாய்களின் வெற்று எடையும் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும். ஐந்து வருடம் முன்பு, உள்ளே வெறும் காற்று இருக்க, அக்கா மும்மூன்று முறை போட்டுக் குண்டுகுண்டாக எழுதிய அட்டவணை. மறுபடி யாரும் போட்டுப் பார்த்ததில்லை. தராசக்கா போட்ட எடையை யார் சோதிப்பார்கள்?

இரண்டு வருடம் முன்பு, குழாயை உறிஞ்சி வாயு நிரப்பும் பழைய கருவி செத்து, புதியது வந்தது. பழையது கடைசியில் நைட்ரஜனை நிரப்பும். காற்றுக்கும் அதற்கும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. புதியது நிரப்புவது ஹீலியம், காற்றைவிடப் பல மடங்கு லேசானது.

அக்கா ஏழாம் எண் வெற்றுக் குழாயில் ஹீலியத்தை நிரப்பித் தராசில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். மூன்றாவது முறையும் அதே எண்தான் வந்தது.

"என்னக்கா?" என்றான் நெட்டை. எங்களில் மூத்த மாணவன்.

"குழாய் இருபத்தஞ்சு மில்லிகிராம் எளச்சுப்போச்சு." தாளைத் திருப்பிக் காட்டினார். "எழுபத்தெட்டு மில்லிகிராம் தூள். ஐம்பத்துமூணுன்னு போட்டிருக்கேன். கொறஞ்ச எடையால வகுத்ததுல பரப்பு ஏறிடுச்சு. அவ எண்ணுதான் சரி."

"குழாய்ல போட்ட தூள்ல மீதி எட எங்க போச்சுன்னு அப்பவே தோணலியா?"

"கரைப்பான் போயிடுச்சுன்னு நெனச்சேன்டா. நல்லா காஞ்சிருக்குன்னு சந்தோஷப்பட்டேன்."

நெட்டை அலமாரிக் கதவைப் பார்த்தான். "ரெண்டு வருஷமா எல்லாரும் அதத்தானக்கா கழிக்கிறோம். என் ஆய்வேடு பைண்டிங்குக்குப் போயிருக்கு." பிறகு, "தராசக்கான்னு பேரு வச்ச நம்மளச் சொல்லணும்" என்று எழுந்து போய்விட்டான்.

என் கட்டுரையும் அந்த அட்டவணையில்தான் நின்றுகொண்டிருந்தது.

பேராசிரியர் அறைக் கதவு சரியாக மூடாது. அக்கா உள்ளே போய்ப் பேசியது எங்களுக்குக் கேட்டது.

"வியாழக்கெழம நேர்காணல். வெள்ளிக்கெழம எழுதிக்கலாம். அதுக்குள்ள என்ன முழுகிடப்போகுது?"

"அந்தப் பொண்ணுக்குத் திங்கக்கெழம சார்."

"அவ யாரு நமக்கு?"

"நாலு மாசமா அவள காயவை காயவைன்னு சொன்னது நான்தானே சார்."

சாயங்காலம் கணவர் வந்தபோது அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டவர், "அப்ப மைதானம் சின்னதாயிடுச்சா?" என்று சிரிக்கப் பார்த்தார். அக்கா நிமிரவே இல்லை. இரண்டு படி தள்ளி அவரும் உட்கார்ந்தார்.

"வியாழன் முடியட்டுமே. பதினோரு வருஷம்டி."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்றியா?"

வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்த கணவர் அதை நிறுத்திவிட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா அந்தப் பெண்ணுக்கும் அவள் மேடத்துக்கும் எழுதினார். கட்டுரை வந்த இதழுக்கும் எழுதினார். குழாயின் இரண்டு எடைகளையும் இணைத்திருந்தார். பதினைந்து நிமிடத்தில் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "அப்போ என் கை சரிதானா அக்கா?"

அக்கா அதை எங்களிடம் படித்துக் காட்டவில்லை. திரையை அப்படியே விட்டுவிட்டுக் கைகழுவப் போனார். போனவர் வர நேரமாயிற்று.

வியாழக்கிழமை, யாரும் கேட்கும் முன்பே எண் தவறு என்று அவரே ஆரம்பித்தாராம். ஒன்பது நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் வந்த பட்டியலில் அவர் இல்லை. ஒப்பந்தமும் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது என்று பேராசிரியர் கடிதமாகக் கொடுத்தார், நேரில் சொல்லவில்லை.

கடைசி நாளன்று, மேசையைக் காலி செய்யாமல், அக்கா பன்னிரண்டு குழாய்களையும் ஹீலியம் நிரப்பி எடை போட்டுக்கொண்டிருந்தார். பழைய அட்டவணையைக் கிழித்த இடத்தில் அலமாரியின் பெயிண்ட்டும் உரிந்திருந்தது. நெட்டை தன் தாள்களோடு சற்றுத் தள்ளியே நின்றான். நானும் நின்றேன்.

ஏழாம் குழாய் வந்தது. மூன்று முறை போட்டு எழுதினார். எழுதிய பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"நீ ஒரு தடவ போட்டுப் பாரு. என்னைய நம்பாத."