மருந்து வைத்த வளை

எண்பத்திரண்டோ மூன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். வீட்டை ஒட்டிய தோட்டத்தில் மல்லாட்டை போட்டிருந்தோம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காய் பிடிக்கிற நேரத்தில் எலி புகுந்துவிட்டது. முள் வைத்து அடைத்தேன், பொறி வைத்தேன், ஒன்றுக்கும் அடங்கவில்லை. தினமும் காலையில் போய், சாய்ந்து கிடக்கிற செடிகளைப் பார்த்துப் பார்த்து உடம்பும் மனசும் ஓய்ந்துபோய்விட்டன.

கோழி தின்றுவிடும், எலி மருந்து வாங்கவே கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவருக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி டவுனிலிருந்து வாங்கி, கருவாட்டோடு பிசைந்து நாலைந்து வளைகளுக்குள் தள்ளினேன்.

மறுநாளே அவர் எலி பிடிக்கிற புருஷன் பெண்டாட்டி இருவரைக் கூட்டிவந்துவிட்டார். மருந்து வைத்ததை அவரிடம் எப்படிச் சொல்வேன்? வளையில் கிடைக்கிற எலியும், அது சேர்த்து வைத்த மல்லாட்டையும் பிடிக்கிறவர்களுக்குத்தான். அதுதான் அவர்கள் கூலி, அன்றைய சோறும் அதுதான்.

அந்த ஆள் பானையில் புகை மூட்டி வளைக்குள் ஊதினார். ஓடிவந்த எலிகளை அந்த அம்மாள் பிடித்துப் பிடித்துக் கூடையில் போட்டார். சொல்லிவிடலாம் என்று தண்ணீர்ச் சொம்போடு கிட்டே போனேன். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். வாய் வரவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, கூடையவே பாத்துக்கினு நிக்கற? ரெண்டு வோணுமா? கூச்சப்படாத கேளு, வறுத்தா ருசியா இருக்கும்" என்றார் அந்த அம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொம்பை வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டேன்.

அவர்கள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்து ஏரிக்கரைக்கு ஓடினேன். தூரத்திலேயே அவர்கள் குடிசையில் புகை தெரிந்தது. இரண்டு பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தன.

"தின்னாதீங்க! வளையில மருந்து வெச்சிருக்கேன்!"

என் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

அந்த அம்மாள் சட்டியை இறக்கினார். குழி தோண்டிக் கறியைக் கொட்டினார், மல்லாட்டையையும் கொட்டி மண்ணைத் தள்ளினார். பிள்ளைகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"செத்து கெடந்தா நாங்க தொடமாட்டோம்மா. இதுங்க உசுரோட ஓடியாந்துச்சுங்க, எங்களுக்கு எப்பிடித் தெரியும்? அத அங்கியே சொல்றதுக்கு இன்னா?"

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவ்வளவு அலுப்பாகக் கேட்டார். அவர் புருஷன் அப்போதுதான் சாய்ந்து உட்கார்ந்தவர், முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து கடப்பாரையை எடுத்தார். "வா, வேற கொல்லை பாக்கலாம்" என்று மறுபடியும் வெயிலில் நடந்தார்.

வீட்டுக்குப் போய் ஆக்கி வைத்திருந்த சோற்றைப் பானையோடு தூக்கிவந்து அந்தப் பிள்ளைகளுக்குப் போட்டேன். வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர் திட்டியது எதுவும் காதில் ஏறவில்லை.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் என்று என்னைப் பெருமையாகச் சொல்லித்தான் வளர்த்தார்கள், ஆனால் அந்த இரண்டு தட்டுகளை நினைத்தால், அதைப் பெருமை என்று சொல்ல எனக்கு இந்த வயதிலும் மனசு வரவில்லை.