சினை நண்டோடு ஒரு பஸ் பயணம்: கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம்

பொங்கல் விடுமுறையில் எல்லோரும் பிச்சாவரத்தில் படகேறப் போனார்கள். நான் ஒரு நண்டைக் கூட்டிக்கொண்டு போனேன்.

என் மச்சினி செல்வி பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் ஆராய்ச்சி செய்கிறாள். வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்து வாய்க்கால் வழியே கழிமுகத்துக்கு வந்தால் நண்டுக் குஞ்சுகள் என்ன ஆகும் என்பது அவள் ஆய்வு. பூச்சியைப் போலவே நண்டுக் குஞ்சும் சட்டை உரித்துத்தான் வளரும். சில மருந்து பட்டால் பாதி உரித்த சட்டைக்குள்ளேயே சிக்கிச் செத்துப்போகுமாம். ஒப்பிட்டுக் காட்ட, மருந்தே படாத குஞ்சுகள் உயிரோடு வளர வேண்டும். முன்பு இரண்டு முறை அவையும் செத்துவிட்டன. இந்த முறையும் போனால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் அவளுடைய வழிகாட்டி.

அவள் கேட்டபடி, காலை ஆறரைக்குக் கடலூர் துறைமுகத்தில் சினை கறுத்த நீலக்கால் நண்டு ஒன்று கிடைத்தது. அடிவயிற்று முட்டைகள் கறுத்தால் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். மேல்பட்டாம்பாக்கத்து மாமனார் வீட்டிலிருந்து கொண்டுவந்த நீல பக்கெட்டில் கடல் தண்ணீர் ஊற்றி அதை விட்டேன். வழியில் மாற்ற ஒரு கேனிலும் தண்ணீர். முதுநகரில் சிதம்பரம் பஸ் ஏறினேன்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இதுக்கு டிக்கெட்டா, லக்கேஜா சார்?"

"முட்டைய எண்ணி டிக்கெட் போட்டுடாதீங்கண்ணே, சொத்தே போயிடும்."

குடிகாடு தாண்டும்போது மச்சினன் குமார் போன் செய்தான். "மச்சான், மோட்டார் கொட்டாய்ல இருந்த பக்கெட்டையா எடுத்துட்டுப் போனீங்க? அது கத்திரிக்கு மருந்து கலக்கறது!"

"சோப்பு போட்டுக் கழுவிட்டேன்டா."

"எத்தன சோப்பு போட்டாலும் அம்மா அதுல மாட்டுக்குக்கூட தண்ணி வெக்க மாட்டாங்க மச்சான்."

உடனே செல்வியைக் கூப்பிட்டேன். "மாமா, மொதல்ல நண்ட வெளிய எடுங்க! கேன் தண்ணியில அலசி, ஈரத் துண்டுல சுத்துங்க. தாங்கும்" என்றாள். பக்கத்தில், மீன் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அக்கா தன் காலி அலுமினிய அன்னக்கூடையை நீட்டினார். "வெச்சிக்கப்பா. நானும் பரங்கிப்பேட்டதான் போறேன்."

பி.முட்லூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம். ஆளுக்கு இருபது ரூபாய், கால் மணி நேரம். ஆராய்ச்சி நிலைய வாசலிலேயே நின்றிருந்த செல்வி என்னைத் திட்டக்கூட நேரமில்லாமல் அன்னக்கூடையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மறுநாள் விடிகாலையில் முட்டைகள் பொரிந்தன. டார்ச் அடித்த பக்கமெல்லாம் தூசி போலக் குஞ்சுகள் கூட்டமாக நீந்தி வந்தன. நான் கைதட்டியே விட்டேன். செல்வி சிரிக்கவில்லை. "மொத சட்டைய உரிக்கட்டும் மாமா. மருந்து எறங்கியிருந்தா அப்பதான் தெரியும்."

அதற்கு மூன்று நான்கு நாளாகும். சிதம்பரத்தில் அறை எடுத்தேன். கோயிலுக்குப் போனேன், தினமும் இட்லிக்குக் கத்திரிக்காய் கொத்சு சாப்பிட்டேன். கத்திரிக்காயைப் பார்த்தாலே பக்கெட் ஞாபகம் வந்தது, ஆனாலும் விடவில்லை.

போகிறவர்களுக்கு: பரங்கிப்பேட்டைக்குச் சிதம்பரம் வரை போக வேண்டாம், பி.முட்லூரிலேயே இறங்குங்கள். கொத்சுக்குக் காலை எட்டுக்குள் போய்விடுங்கள். உயிருள்ள எதையாவது கொண்டுபோனால் புது பக்கெட் வாங்குங்கள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் போனில் செல்வியின் குரல் அலறியது. "மாமா! உரிச்சிடுச்சு! மருந்து கலக்காத தண்ணியில விட்டதுல முக்காவாசிக்கு மேல உரிச்சிட்டு நீந்துதுங்க!"

என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். வீட்டுக்கு வாங்கிய லட்டுப் பெட்டியைப் பிரித்து முதலில் கண்டக்டரிடம் நீட்டினேன்.

"என்ன சார் விசேஷம்?"

"நண்டுக் குஞ்செல்லாம் பொழச்சிடுச்சுண்ணே."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இன்னொரு லட்டையும் எடுத்துக்கொண்டார். "அத்தன புள்ளைக்கு ஒன்னு போதுமா சார்?"

கடலூர் வரும்போது பெட்டி காலி.