ஐஸ் டிரம்மில் ஒரு ஆடி மாதம்

அந்த ஆடி மாதக் காலையில் கோவளம் கரையில் நான் இருந்தேன். கோவளத்திலேயே வீடுள்ள என் கல்லூரித் தோழன் இருந்தான். நான் தோற்கடிக்க வந்தவனும் அவனுடைய அப்பாவும் இருந்தார்கள். என் அப்பா இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் வரப்பு வெட்டுகிற வேலை. மகன் நீந்துவதைப் பார்க்க ஒரு நாள் கூலியை விடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

தோற்கடிக்க வந்தேன் என்றேனே, அவனும் எங்கள் வகுப்புதான். அவர்கள் குடியிருப்பில் நீச்சல் குளம் உண்டு. முதலாமாண்டில் எங்களையெல்லாம் அங்கே கூட்டிப் போனான். நான் இறங்கிக் குளித்து ஏறியதும் காவலாளியிடம் சத்தமாகக் கேட்டான்: "அண்ணே, தண்ணிய எப்ப மாத்துவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததற்கும் சேர்த்து அவன்தான் அனுபவிக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாமாண்டில் கல்லூரி கடல் நீச்சல் போட்டி வைத்தது. அவன் பெயர் கொடுத்தான், நானும் கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல் மட்டும்.

"வெயிலு கொளுத்துதேன்னு நம்பிகினு எறங்காத மச்சான்," என்றான் தோழன். "ஆடியில மேலக்காத்து அடிச்சா அடித்தண்ணி மேல வந்துடும். இப்ப ஐஸு மாரி கீது. மூச்சு புடிச்சிக்கும்."

"அதுக்கு இன்னா பண்றது?"

"பழகணும். நம்ம வூட்ல ஐஸுக்கா பஞ்சம்?"

அவன் அப்பாவின் மீன் பெட்டிகளில் மிச்சமான ஐஸை நீல டிரம்மில் கொட்டித் தண்ணீர் நிரப்பினோம். முதல் நாள் உள்ளே உட்கார்ந்ததும் பல் கிட்டி எழுந்து ஓடிவிட்டேன். போகப்போகப் பிடிபட்டது. மூச்சை மெல்ல வெளியே விட்டுக்கொண்டே இருந்தால் உடம்பு தானாக அடங்கும். பிறகு தோழனோடு கடலில் இறங்கி, அலை தாண்டப் பழகினேன். திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "படிக்கப் போறியா, மீன் விக்கப் போறியா?" என்றாள் அம்மா.

போட்டிக்கு முன்தினம் தோழன் கேட்டான்: "குளிரு விஷயத்த அவன்கிட்டயும் சொல்லிடலாமா? பாவம்டா."

"வாணாம். தண்ணிய மாத்தத் தெரிஞ்சவன்தான. மாத்திக்கட்டும்."

போட்டியன்று அவன் ஓடிவந்து கடலில் தலைகீழாகப் பாய்ந்தான். நான் கழுத்தையும் மார்பையும் நனைத்துக்கொண்டு நடந்து இறங்கினேன். முதல் மிதவைக்கு முன்பே அவன் கை அடிப்பது நின்றுபோயிருந்தது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. பக்கத்தில் போனேன். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் போதவில்லை. காவலுக்கு நின்ற மீன்படகை நோக்கிக் கையை ஆட்டிவிட்டு மேற்கொண்டு நீந்தினேன். கடைசிக்கு முந்தின ஆளாகத்தான் கரையேறினேன்.

அவனைத் தூக்கிவந்த படகுக்காரர் அவன் அப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். "காவலுக்கு நின்னதுக்கு காலேஜு குடுக்கும் சார். ஆளத் தூக்கினா தனி. ஐந்நூறு குடு."

"ரொம்ப ஜாஸ்திப்பா."

"உன் புள்ள சார் அது."

அவன் அப்பா விடாமல் பேரம் பேசினார். அவன் துண்டைப் போர்த்திக்கொண்டு, நடுங்கியபடி, பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முந்நூற்று ஐம்பது ரூபாய்க்கு முடிந்தது.