அக்காவின் சுத்தமான குரல்

இந்த ஊரில் போனில் பேசும்போது யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு விநாடி நீங்கள் சும்மா இருந்தால் மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்று கத்த ஆரம்பித்துவிடுவார்கள். இன்னும் ஒரு விநாடி போனால் "போலோ, போலோ", பேசு பேசு என்று. அதற்கும் வாய் திறக்கவில்லையென்றால் லைன் கட். தாராவிக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. எங்கள் தென்காசிப் பக்கத்தில் பேச்சில் பாதி பேசாமல் இருப்பதுதான். "பொறவு?" என்று ஒருவர் கேட்டால், மற்றவர் "பொறவு என்ன" என்று பதில் சொல்வதற்குள் ஒரு டீ ஆறிப்போயிருக்கும். இப்போது நானும் ஹலோ ஹலோ ஆளாகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அத்தான் கூப்பிடும்போது, அவர் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் இரண்டு தடவை கத்திவிடுகிறேன். "இருக்கேன் மாப்ளே, எங்க போவப் போறேன்" என்பார். அத்தான் என் அக்கா சொர்ணத்தின் கணவர். அக்கா இப்போது இல்லை. அவளுக்கு நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாஹிம் பக்கத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்கு முதல் வேலை. வானொலி விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பவர்கள் வந்து பேசிவிட்டுப் போவார்கள். அவர்கள் பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கும் சத்தம், எச்சில் விழுங்கும் சத்தம், செருமல் எல்லாவற்றையும் வெட்டி எடுக்க வேண்டியது என் பொறுப்பு. முதல் நாள் முதலாளி என்னைப் பார்த்து "ஸாஸ் நிகாலோ" என்றார். பதிவிலிருந்து மூச்சை எடு என்று அர்த்தம். இந்தி அரைகுறையாகத்தான் தெரியும் எனக்கு. டாக்டர் முன்னால் நிற்பதுபோல நெஞ்சை விரித்து மூச்சை இழுத்து விட்டுக் காட்டினேன். ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் ஆறு மாதத்தில் அந்தக் கூடத்திலேயே நன்றாக மூச்சு வெட்டுகிறவன் நான்தான் என்று பெயர் வாங்கிவிட்டேன். முப்பது விநாடி விளம்பரத்தில் மூச்சே விடாமல் சோப்பின் பெருமையைப் பாடும் பெண்குரலைக் கேட்டிருப்பீர்கள் அல்லவா, அது எங்கள் கைவண்ணம்.

அக்காவோடு பேசுவதுதான் அப்போது பெரும்பாடு. அவளுக்கு எழுத வராது, எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். அம்மா போனபிறகு ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, பீடி சுற்றி என்னைப் படிக்க வைத்தவள். எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து பேசினால் சுற்றி நிற்கிற நாலு பேருக்காகப் பேசுவாளே தவிர எனக்காகப் பேசமாட்டாள். "நல்லாருக்கோம், வச்சிரட்டா?" அதோடு சரி. அப்போதுதான் கூடத்தில் மினிடிஸ்க் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சதுரக் கூடு, அதற்குள் ஒரு பளபளப்பான சின்ன வட்டு. பதிவு செய்யும் கருவி ஒரு சோப்பு டப்பா அளவுதான். கேசட்டைப் போல இரையாது. முதன்முதலில் அதில் ஒரு குரலைக் கேட்டதும் அக்காவை இதில் கேட்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

லாமிங்டன் ரோட்டில் பழைய சாமான் விற்கும் கடையில் இரண்டு கருவி கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு எதற்கு என்றார். ஒன்று எனக்கு, ஒன்று ஊரில் இருக்கும் அக்காவுக்கு என்றேன்.

"அச்சா! பெஹன் காதீ ஹை?" அக்கா பாடகியா என்று கேட்கிறார்.

"நஹீ. பாத் கர்தீ ஹை." இல்லை, பேசுவாள் என்றேன்.

"பஸ், பாத்?" வெறும் பேச்சுக்கா இந்தச் செலவு என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார். கல்யாணக் கச்சேரி, மசூதிப் பிரசங்கம் என்று ஏதாவது சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போய், அக்காவுக்கு இரண்டே பொத்தான்களைச் சொல்லிக்கொடுத்தேன். சிவப்பை அழுத்தினால் பதிவாகும். பக்கத்தில் இருப்பதை அழுத்தினால் நிற்கும், மறுபடி அழுத்தினால் ஓடும், யாராவது வந்தால் அதை அழுத்திக்கொள். அதற்குப் பிறகு ஊரிலிருந்து தாராவிக்கு வருகிற யார் பையிலாவது ஒரு வட்டு வந்துவிடும். எள்ளுருண்டை, கருவாடு, நடுவில் துணி சுற்றிய அக்காவின் குரல். முதல் வட்டு இப்படித்தான் ஆரம்பித்தது: "ஏலே தம்பி, நல்லாருக்கியாலே? செவப்ப அமுத்திட்டேன். ஓடுதா ஓடலையான்னு தெரியல. ஓடலன்னா சொல்லு, திரும்பப் பேசுதேன்."

மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டுதான் பேசுவாள். இலை நறுக்கும் கத்தரிச் சத்தம் பின்னால் கேட்கும். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை இருமுவாள். ஹெட்போனில் அது காதுக்குள் வெடிக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெட்டினேன். இருமலுக்கு முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு. வெட்டினால் அந்தத் துண்டுக்குக் கருவியே ஒரு தனி எண் போடும். அந்தத் துண்டை அழித்துவிட்டு இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிட வேண்டியதுதான். இருமலோடு அவள் யோசித்த நேரத்தையும் வெட்டினேன், பெருமூச்சையும் வெட்டினேன். ஸ்பூல் டேப்பை வெட்டினால் துண்டாவது தரையில் கிடக்கும். இதில் அழித்தால் அழித்ததுதான். வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவேன். "ரேடியோல பேசுறாப்ல இருக்கே" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

இருமல் ஏன் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் தட்டு வைத்திருக்கும் எல்லாப் பெண்களும் இருமுவார்கள். சின்ன வயதிலிருந்தே அது என் காதில் விழாது. காதில் விழுந்ததெல்லாம் வெட்டவேண்டிய சத்தமாகத்தான் விழுந்தது. இரண்டாவது வருடம் இருமல் இன்னும் கூடியது. தனித்தனியாக வந்தது, மூன்று நான்காகச் சேர்ந்து வந்தது. ஒரு வட்டைச் சுத்தம் செய்ய மூன்று நாள் ஆயிற்று. எரிச்சலில், நான் அனுப்பிய பதில் வட்டில் சொன்னேன்: "யக்கா, பேசும்போது இருமாத. வெட்டி எடுக்கதுக்குள்ள எனக்கு உயிர் போவுது. தண்ணி குடிச்சிட்டு உக்காந்து பேசு." இதைச் சொன்ன வாயை என்ன செய்தால் தகும் என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்து வந்த வட்டில் ஒரு இருமல்கூட இல்லை. "இப்ப எப்படிப் பேசுதேன், கேட்டியா? இருமலே இல்லல்லா?" என்று அவளே சிரித்தாள். எனக்குப் பரம சந்தோஷம். வெட்ட ஒன்றும் இல்லாததால் உட்கார்ந்து கேட்கும் வேலையும் இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு வந்தவற்றையெல்லாம் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டே, கருவியைச் சட்டைப் பைக்குள் போட்டபடி ஒரே ஒருமுறை கேட்டேன்.

ஒரு வருடம் கழித்து அத்தான் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருந்தாள். எவ்வளவு நாளாக இருமல் என்று டாக்டர் கேட்டார். அத்தானுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ரெண்டு மூணு மாசமா இருக்கும் என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். அவளுடைய ஒவ்வொரு இருமலையும் காதோடு வைத்துக் கேட்ட ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். நுரையீரலில் மிச்சமில்லை, முன்னாலேயே கூட்டி வந்திருக்கலாம் என்றார் அவர். பதினோராம் நாள் அக்கா போய்விட்டாள்.

அதெல்லாம் நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது தாராவி வீட்டைக் காலி செய்துவிட்டு டோம்பிவிலிக்குப் போகிறோம். பரணை ஒழித்தபோது என் மகள் அனிதா, கருவியும் அக்காவின் வட்டுகளும் இருந்த பெட்டியை எடுத்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் படிக்க வராது, அத்தையைப் பார்த்ததும் கிடையாது. புது பேட்டரி போட்டதும் கருவி ஓடிவிட்டது. ஆளுக்கொரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, நான் சுத்தம் செய்த பழைய வட்டு ஒன்றைக் கேட்டோம்.

"பப்பா, அத்தை எவ்ளோ ஜல்தி பேசுறாங்க! ஸ்டாப்பே இல்ல. பக்கா பம்பாய்வாலி" என்றாள்.

இந்த ஊரைக் கண்ணால் பார்க்காமலே போனவள் அக்கா. கூட்டி வருகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், கூட்டி வரவில்லை. ஊர்ப்பேச்சின் நிதானத்தையெல்லாம் உருவி எடுத்து அவளைப் பம்பாய்க்காரியாக்கி வைத்திருக்கிறேன்.

"வேற போடு" என்றேன். இருமலே இல்லாமல் வந்த வட்டுகளில் ஒன்றைப் போட்டாள். அக்கா ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அனிதா கருவியின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பப்பா, இந்த நம்பர் ஏன் சேஞ்ச் ஆயிட்டே இருக்கு? அவங்க சென்டன்ஸ் முடியவே இல்ல, நம்பர் மாறுது. பாருங்க, ஃபிர் ஸே, மறுபடியும்."

வாங்கிப் பார்த்தேன். பதினேழு. பதினெட்டு. பதிவின் நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டால் கருவி தானாக அடுத்த எண்ணைப் போடும். என் தொழில் இது, எனக்குத் தெரியாததல்ல. சட்டைப் பைக்குள் கிடந்த கருவியின் திரையை அன்றைக்கு நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. யாராவது வந்தால் அழுத்து என்று நான் காட்டிக்கொடுத்த பொத்தானை அக்கா எதற்கு அழுத்தியிருக்கிறாள் என்று இப்போது தெரிந்தது. பேச்சை மட்டும் எனக்கு அனுப்பிவிட்டு இருமலை ஊரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எதுக்கு இத்தனை வாட்டி நிறுத்துனாங்க?" என்றாள் அனிதா.

"இரும."

"இருமுனா என்ன? ரிக்கார்ட் ஆகட்டுமே."

"நான்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்றேன்.

காதில் அக்கா, "அம்மனுக்குப் பட்டு சாத்தி" என்று சொல்லி நிறுத்தாமல், "மாலை போட்டுப் பாக்கணும்லே நீ" என்று முடித்தாள். திரையில் இருபத்திரண்டு போய் இருபத்து மூன்று வந்திருந்தது.