ஞானஸ்நானக் கவுனில் நீல லேஸ்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. தொண்ணூறுகளில், பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். வெள்ளைக் கவுனின் கழுத்தில் நீல நூலால் குரோஷா லேஸ் பின்னிக் கொடுத்தேன். அவசரத்தில், சாயம் போகுமா என்று நூலை நனைத்துப் பார்க்கவில்லை.

கோயிலில் பங்குச் சாமியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது எனக்கு ஜெபமே வரவில்லை. லேஸையே பார்த்தேன். கவுனின் நெஞ்சு வரை நீலம் வழிந்தது.

வெளியே வந்ததும் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தேன். "தப்பு என்மேலதாம்மா. நூலை நனைச்சுப் பாக்கல."

"தெரியும் பெரியம்மா. காலையில தண்ணி தெளிச்சு இஸ்திரி போடையிலேயே சாயம் கையில ஒட்டுச்சு."

"பெறகு ஏன் போட்டுவிட்ட?"

"கண்ணு வலிக்கப் பின்னுனீகளே, வீட்டுல வச்சிட்டு வர மனசு வரல. விடுங்க, நீலம் மாதா சேலை கலருதான!"

பூசை முழுக்க நான் என் பேர் கெடுமே என்றுதான் பயந்திருக்கிறேன். அவளோ என் மனம் நோகுமே என்று நினைத்திருக்கிறாள்.